இரசாயனப் போத்தலும் அதன் பெயர்ச்சீட்டும்

பொற்கொல்லர் பட்டறைகளிலே திராவகம் என வழங்கும் பொருள் எத்தன்மையது என்பதை எவரும் எழுதிவைத்ததில்லை. வெடியுப்புத் திராவகம் இது, கந்தகத் திராவகம் இது என்பதைப் புகையாலும் நிறத்தாலும் கனத்தாலும் ஆசான் அறிந்திருந்தார்; அவரருகிலிருந்து தொழில் பயின்றவரும் நாளடைவில் அறிந்துகொண்டார். இரண்டு மூன்று திராவகங்களை மட்டுமே கையாண்ட தொழிலுக்கு அம்முறை போதுமானதாயிற்று. இன்றோ மோட்டார் திருத்துமிடத்திலும், அச்சகத்திலும், வைத்தியசாலையிலும், பனிக்கட்டி ஆலையிலும், கமக்காரரது கொட்டிலிலும், தொழிலாசானே முன்னர்க் கண்டறியாத பொருள்கள் தூரதேசங்களிலிருந்து முத்திரையிட்ட கலங்களிலே வந்து சேருகின்றன. ஆக்கியோன் அவற்றின் இயல்பை நன்கறிவான். மூடியைத் திறப்போன் அறியான். இவ்விருவருக்குமிடையே நின்று பேசுவது கலத்தின் மேலொட்டிய காகிதத்துண்டு ஒன்றே.

லேபல் எனப் பலரும் கூறும் அப்பெயர்ச்சீட்டை வாசிப்பதற்கும் ஒரு கல்வி வேண்டுமோ என்று சிலர் நகைக்கலாம். எமது கல்லூரியில் இரசாயனம் பயின்று வெளியேறியோரிற் பலர் இன்று தொழிற்சாலைகளிலும் ஆய்வுகூடங்களிலும் பிறரை வேலைவாங்கும் நிலையில் உளர். வேறு பலர் சொந்தமாகத் தொழில் நடத்துகின்றனர். அவர் சொற்படி போத்தலைத் திறப்பவர் பெரும்பாலும் வேறொருவராவர். அவ்வேறொருவரை மனத்திற்கொண்டே இக்கட்டுரை வரையப்படுகின்றது.

1984ஆம் ஆண்டு டிசெம்பர் 2ஆந் திகதி நள்ளிரவையொட்டி, இந்தியாவின் போபால் நகரிலே பூச்சிகொல்லித் தொழிற்சாலையொன்றின் தாங்கியிலிருந்து மெதைல் ஐசோசயனேற்று என்னும் கொடிய நஞ்சு வெளியேறிற்று. உறங்கிக்கொண்டிருந்த மக்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். அவ்வனர்த்தத்துக்குக் காரணங்கள் பலவுள. ஈண்டு நாம் கருதவேண்டியது ஒன்று. தொழிற்சாலை மதிலுக்கப்பால் வாழ்ந்தோருக்கு அப்பொருளின் இயல்பு அறிவிக்கப்பட்டிருக்கவில்லை. நோயாளர் வந்து குவிந்த வைத்தியசாலைகளிலே வைத்தியர்களும் எந்நஞ்சுக்கு மருத்துவஞ் செய்கின்றோம் என்பதைத் திட்டமாக அறியாமலே மருத்துவஞ் செய்ய வேண்டியவராயினர். இதன் பின்னர், 1990ஆம் ஆண்டிலே, சர்வதேசத் தொழில் தாபனம் தனது 170ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றித் தாம் கையாளும் இரசாயனப் பொருளின் தீங்கை அறிந்துகொள்ளும் உரிமை தொழிலாளர்க்குண்டு என வகுத்தது.

உரிமை வகுத்தவுடன் வேறொரு சிக்கல் மிஞ்சிநின்றது. ஒரே பொருளை ஒரு நாட்டார் நஞ்சென்றும், மற்றொரு நாட்டார் சிறிதளவே தீங்கானதென்றும் எழுதினர். குறிகளும் நாட்டுக்கு நாடு வேறுபட்டன. 1992ஆம் ஆண்டு இறியோ நகரிற் கூடிய ஐக்கிய நாடுகள் மகாநாடு, உலகனைத்துக்கும் பொதுவானதொரு முறை வேண்டுமெனத் தீர்மானித்தது. அம்முறை நூலுருவில் வெளிவர 2003ஆம் ஆண்டாயிற்று. இரண்டாண்டுக்கொருமுறை அது திருத்தப்பட்டு வருகின்றது. இன்று நாம் துறைமுகத்தின் வழி பெறும் இரசாயனக் கலங்களிற் பெரும்பாலானவற்றில் அம்முறையிலமைந்த சீட்டையே காண்கின்றோம்.

பொற்கொல்லரின் வெடியுப்புத் திராவகத்தையே, அதாவது செறிந்த நைத்திரிக்கமிலத்தையே, எடுத்து அதன் சீட்டை வாசிப்போம். மேலே பொருளின் பெயர் செறிவுடன் எழுதப்பட்டிருக்கும். 'அசிட்' என்று மட்டும் எழுதியிருப்பின் அஃது ஒரு பெயராகாது. பெயரையடுத்து 'அபாயம்' என்னுஞ் சொல் தடித்த எழுத்தில் நிற்கும். இம்முறையிலே அறிவிப்புச் சொற்கள் இரண்டேயுள: கடுமை மிக்கதற்கு 'அபாயம்', கடுமை குறைந்ததற்கு 'எச்சரிக்கை'. பின்னர்ச் செந்நிறக் கரையிட்ட சாய்சதுரங்களிலே கருநிறச் சித்திரங்கள் காணப்படும். அவற்றைத் தொடர்ந்து தீங்கைக் கூறும் வாக்கியங்களும், காப்பு முறையைக் கூறும் வாக்கியங்களும், ஈற்றில் விநியோகித்தவரின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் என்பனவும் இருக்கும்.

தீங்கைக் கூறும் வாக்கியங்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கமுண்டு. எச் என்னும் எழுத்தையடுத்து வரும் முதலிலக்கம் 2 எனின் தீ, வெடி முதலிய பௌதிகத் தீங்கையும், 3 எனின் உடல்நலத் தீங்கையும், 4 எனின் சுற்றாடற் றீங்கையும் குறிக்கும். நைத்திரிக்கமிலத்திற்கு எச் 314 உண்டு: தோலைக் கடுமையாகச் சுட்டுக் கண்ணைச் சேதப்படுத்தும். எச் 290 உண்டு: உலோகங்களை அரிக்கும். இவ்விரண்டையும் வாசித்தவுடன், 'அமிலமென்றாற் சுடுந்தானே' என்று பலர் வாசிப்பை நிறுத்திவிடுவர். எஞ்சிய இரண்டுமே அவர் அறியாதவை.

எச் 272 என்பது, தீயை மேலும் வளர்க்கக்கூடிய ஒட்சியேற்றி எனப் பொருள்படும். நைத்திரிக்கமிலம் தானாக எரிவதில்லை. எரியக்கூடிய பிறவற்றுக்கு ஒட்சிசனை வழங்கி அவற்றை எரிக்கும். நிலத்திற் சிந்திய அமிலத்தை மரத்தூளாலோ பழந்துணியாலோ ஒற்றியெடுத்துக் குப்பைக்கூடையிற் போடுபவர், கூடையிலே தீயை இட்டவராகலாம். எச் 331 என்பது, சுவாசித்தால் நஞ்சாகும் எனப் பொருள்படும். இவ்வமிலம் உலோகத்தோடு தாக்கமுறும்போது எழுகின்ற கபிலநிறப் புகையாகிய நைதரசனீரொட்சைட்டு, சுவாசித்த வேளையிற் சிறு இருமலை மாத்திரம் தோற்றுவித்துப் பல மணித்தியாலங் கழிந்த பின்னர் நுரையீரலில் நீர் சுரக்கச் செய்யும். மாலையில் நலமே வீடு திரும்பியவர் இரவிலே மூச்சுத்திணறி வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லப்படுவதுண்டு. அவ்வேளையில், பகலில் அவர் எதனோடு வேலை செய்தார் என்பதை வைத்தியருக்குச் சொல்ல ஒருவராவது வீட்டிலிருத்தல் வேண்டும்.

2021ஆம் ஆண்டு மே மாதம் கொழும்புத் துறைமுகத்துக்கப்பாற் றீப்பற்றி எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலை நம்மவர் மறந்திரார். அக்கப்பலில் 25 தொன் நைத்திரிக்கமிலம் ஏற்றப்பட்டிருந்தது. கொள்கலமொன்றிலிருந்து அது ஒழுகுவதைக் கண்டு, முதலிற் கட்டாரிலும் பின்னர் இந்தியாவின் அசிரா துறைமுகத்திலும் அக்கொள்கலத்தை இறக்குவதற்கு முயன்றும் அஃது இயலாதுபோயிற்று. மே 20ஆந் திகதி தீ மூண்டது. யூன் 2ஆந் திகதி கப்பல் அமிழத் தொடங்கிற்று. ஆகவே, பொருளின் பெயர் தாளில் எழுதப்பட்டிருந்தும், ஒழுக்கு முன்னரே அறியப்பட்டிருந்தும் நிகழ்ந்ததோர் அனர்த்தம் அஃது. பெயர்ச்சீட்டாற் செய்யக்கூடியதற்கும் எல்லையுண்டு.

காப்பு வாக்கியங்களிலே இரண்டைச் சற்று நின்று நோக்குதல் நன்று. கண்ணிற் பட்டாற் பல நிமிடங்கள் நீராற் கழுவுக என்று சீட்டுக் கூறும். ஒரு கிண்ணம் நீரை முகத்தில் வீசியடித்துவிட்டு வைத்தியரை நாடி ஓடுவதே நம்மிடையே வழக்கமாயிருக்கின்றது. ஓடிச்செல்லும் அந்நிமிடங்களிலேதான் கண் அழிகின்றது; ஆதலாற் கழுவுதலை முடித்தே ஓடவேண்டும். மற்றையது, விழுங்கினால் வாயை அலசுக, வாந்தியெடுப்பிக்கற்க என்பது. நஞ்சுண்டாருக்கு உப்புநீரும் சவர்க்கார நீரும் பருக்கி வாந்தியெடுப்பிக்கும் கைவைத்தியம் நம்மூர்களிலே இன்னும் மறையவில்லை. அமிலத்தை விழுங்கியவரது களம் ஏற்கெனவே ஒருமுறை வெந்துள்ளது. வாந்தியால் அஃது இரண்டாம் முறையும் வேகும். மண்ணெண்ணெயை விழுங்கிய குழந்தையோவெனின், வாந்தியெடுக்கும்போது அவ்வெண்ணெய் நுரையீரலுட் புகுந்து உயிருக்கே ஊறு விளைக்கும்.

சித்திரக்குறிகள் ஒன்பது. அவற்றை மனனஞ் செய்தல் ஒரு பொழுதில் முடியுங் காரியமாதலின் இங்கே விரிக்கவில்லை. ஆயினும் இரண்டு சோடிகள் மயக்கந் தருவன. தீச்சுவாலை மட்டும் நின்றால் அப்பொருள் எரியும். சுவாலையின் கீழ் ஒரு வட்டமுமிருந்தால் அது பிறவற்றை எரிப்பிக்கும். இவ்விருவகைக் கலங்களையும், இரண்டிலும் தீயைக் கண்டு, ஒரே இனமென எண்ணி ஒரே தட்டில் அடுக்கிவைப்போருளர். அங்ஙனம் அடுக்குதல் விறகோடு தீப்பெட்டியை வைப்பதினுங் கேடானது. மற்றைச் சோடி, மண்டையோடும் மார்பில் வெடிப்புடைய மனிதவுருவும். மண்டையோடு, சிறிதளவே உடனடியாகக் கொல்லக்கூடும் என்று கூறும். மனிதவுருவோ புற்றுநோய், மலட்டுத்தன்மை, சுவாசவுறுப்பின் ஒவ்வாமை முதலிய, நாட்சென்று தோன்றுந் தீங்குகளைக் குறிக்கும். மண்டையோட்டைக் கண்டஞ்சுவோர் மனிதவுருவைக் கண்டஞ்சுவதில்லை. பென்சீன் கலந்த கரைப்பானை நாடோறும் முகர்ந்து வேலை செய்தவர்க்குப் பல்லாண்டு கழிந்து இரத்தப் புற்றுநோய் வருமாயின், அதற்கும் அப்போத்தலுக்கும் உள்ள தொடர்பை எவர் நினைவுகூர்வர்?

இலக்கங்களிலும் ஒரு பொறியுண்டு. ஐக்கிய நாடுகளின் முறையிலே தீங்கின் வகுதிகள் 1 இலிருந்து எண்ணப்படும். 1 என்பதே மிகக் கொடியது. அமெரிக்காவிலிருந்து வரும் பீப்பாக்களிலும் தாங்கிகளிலும் நீலம், சிவப்பு, மஞ்சள், வெள்ளை என நான்காய்ப் பகுத்த சாய்சதுரமொன்றைக் காணலாம். அந்நாட்டுத் தேசிய தீக்காப்புச் சங்கம் தீயணைப்போருக்கென வகுத்த குறி அது. நீலம் உடல்நலத்தையும், சிவப்பு எரிதன்மையையும், மஞ்சள் உறுதியின்மையையும் குறிக்கும். அதிலே 0 தீங்கற்றது. 4 மிகக் கொடியது. ஒன்றிற் பயின்றவர் மற்றொன்றைத் தலைகீழாக வாசித்தற்கு இடமுண்டு. இரண்டு அறிஞர் குழுக்கள் ஒன்றையொன்று கலந்து பேசாது எண்ணத் தொடங்கியமையின் விளைவைத் தொழிலாளி தாங்கவேண்டியிருக்கின்றது.

சீட்டுக் கூறுவது பொருளின் இயல்பான தீங்கை மட்டுமே. எவ்வளவு, எத்தனை நேரம், எவ்வழியால் உடலைச் சேருகின்றது என்பதைப் பொறுத்ததே உண்மையான இடர். கிணற்றுக்கு வெளிற்றுந்தூள் இடுபவர் பெருந்தொகை நீரில் அதனை ஐதாக்குகின்றார். பூட்டிய சிற்றறையிலே அதே தூளின் மூட்டையைத் திறப்பவர் நிலை வேறு. இவ்வேறுபாட்டைச் சீட்டு அறியாது. அதனை அறிவதற்கு விரிவான மற்றொரு பத்திரம் உண்டு. பாதுகாப்புத் தரவுத்தாள் எனப்படும் அது 16 பகுதிகளையுடையது. எந்நாட்டில் அச்சிட்டாலும் பகுதிகளின் வரிசை மாறுவதில்லை. நான்காம் பகுதி முதலுதவி, ஐந்தாம் பகுதி தீயணைத்தல், ஆறாம் பகுதி சிந்தியவிடத்துச் செய்யவேண்டுவது. பதினாறையும் முதலிலிருந்து முடிவுவரை வாசிப்பவர் அரியர். வாசிக்கவேண்டிய அவசியமும் இல்லை. அவசர காலத்திலே எப்பகுதியைப் புரட்டுவது என்று முன்னரே அறிந்திருந்தாற் போதும்.

ஒன்பதாம் பகுதியில் வரும் பற்றுநிலை என்னும் எண்ணைப் பள்ளிக்கூடத்திற் கற்றும் மறந்தவர் பலர். எவ்வெப்பநிலையில் ஒரு திரவத்தின் ஆவி தீப்பொறியாற் பற்றிக்கொள்ளும் என்பதை அது கூறும். பெற்றோலுக்கு அஃது ஏறத்தாழ பூச்சியத்திற்குக் கீழ் 43 பாகை சதமளவை. மண்ணெண்ணெய்க்கோ பூச்சியத்திற்கு மேல் 38 பாகையளவில் அல்லது அதனினும் உயர்வு. 1990களிலே பெற்றோல் கிடைத்தற்கரிதாயிருந்த யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டியோர்க்கு இவ்வெண்ணை எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. குளிர்ந்த இயந்திரத்தைக் கிளப்புவதற்குச் சில துளி பெற்றோலை எத்துணைச் சிக்கனமாகச் செலவிட்டனரென்பதை அவரே கூறுவர். அதே காரணத்தாலேயே மண்ணெண்ணெய் விளக்கிற் சிறிது பெற்றோல் கலப்பினும் விளக்கு வெடிக்கின்றது.

பத்தாம் பகுதி, எதனோடு எதனைச் சேர்க்கலாகாது என்பதைக் கூறும். மலசலகூடத்தைச் சுத்திசெய்பவர் வெளிற்றியை ஊற்றி, அது போதாதென்று அமிலத்தையும் ஊற்றினாற் குளோரீன் வாயு எழும். முதலாம் உலகப்போரில் 1915ஆம் ஆண்டு ஏப்ரில் 22ஆந் திகதி ஈப்பிரிசுப் போர்முனையிலே சேனைகளின் மீது விடப்பட்டதும் இதே வாயுவே. ஆனையிறவு உப்பிலிருந்து எரிசோடாவோடு குளோரீனையும் ஆக்கிய பரந்தன் தொழிற்சாலையில் வேலைசெய்த முதியோர் அதன் மணத்தை அறிவர். வளியினும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமாதலின் அது தாழ்விடத்திலே தங்கும். குனிந்து தேய்ப்பவரின் முகம் அத்தாழ்விடத்திலேயே இருக்கின்றது.

எட்டாம் பகுதி, அணியவேண்டிய காப்பைப் பற்றியது. சில தாள்களில் இங்கே 'தகுந்த கையுறை அணிக' என்று மட்டும் எழுதிவிடுவர். எது தகுந்தது? இயற்கை இறப்பர்க் கையுறை அசற்றோனை ஓரளவு தாங்கும், பெற்றோலைத் தாங்காது. நைத்திரைல் என்னும் செயற்கை இறப்பர் பெற்றோலையும் எண்ணெயையும் தாங்கும், அசற்றோனிலே கெட்டுவிடும். பெயர் கூறாத அறிவுரை பயனற்றது என்பதற்கு மிகத் துயரமான சான்று ஒன்றுண்டு. அமெரிக்காவின் டாற்மத் கல்லூரியிலே பேராசிரியராயிருந்த கரன் வெற்றர்ஹான் என்னும் அம்மையார், நச்சு உலோகங்களை ஆராய்ந்த வல்லுநர். 1996ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில், புகைபோக்கும் அறையினுள்ளே, இறப்பர்க் கையுறை அணிந்து, இருமெதைல் இரசம் என்னும் திரவத்தைக் கையாண்டபோது சில துளிகள் கையுறையின் மேல் விழுந்தன. அக்காலத்து விதிகளுக்கமையவே அவர் நடந்துகொண்டார். சில மாதங்கழித்து நடை தளர்ந்தது, பேச்சுக் குழறிற்று. 1997ஆம் ஆண்டு யூன் 8ஆந் திகதி அவர் இறந்தார். அத்திரவம் அவ்வகைக் கையுறையைச் சில கணங்களிலேயே ஊடுருவிச் செல்லும் என்பது பின்னர் நிகழ்த்திய பரிசோதனையால் வெளிப்பட்டது. கையுறையைப் பற்றிய எச்சரிக்கைகள் அதன்பின் திருத்தியெழுதப்பட்டன.

இத்துணை முயற்சியால் அமைந்த சீட்டு எங்கே அழிகின்றது? பெரும்பாலும் கடைசிப் படியிலேயே. பெரிய கலத்திலிருந்து சிறிய போத்தலுக்கு மாற்றி ஊற்றும்போது பொருள் மாறிச் செல்லும், சீட்டு மாறிச் செல்லாது. அச்சிறிய போத்தல் நம் நாட்டிலே பெரும்பாலும் சோடாப்போத்தலாகவோ சாராயப்போத்தலாகவோ இருக்கின்றது. அதற்கு ஏற்கெனவே ஒரு சீட்டுண்டு. அது 'குடிக்கலாம்' என்று கூறுகின்றது. கிறமொக்சோன் என்னும் பெயரால் நம் கமக்காரர் அறிந்த பரகுவாற்றுக் களைகொல்லி, தொடக்கத்தில் கபில நிறத் திரவமாய்ச் சோடாப்போத்தலிற் குளிர்பானத்தை ஒத்திருந்தமையாற் பல நாடுகளிலும் அறியாது குடித்து மாண்டோர் பலர். முடிவில் ஆக்கியோர் அதற்கு நீலப்பச்சை நிறமும், துர்நாற்றமும், வாந்தியுண்டாக்கும் பொருளும் ஊட்டினர். போத்தலின் சீட்டு நிலையாது என்பதை உணர்ந்து, திரவத்துக்குள்ளேயே ஒரு சீட்டைக் கரைத்துவிட்டார்கள் எனலாம். அது போதவுமில்லை; இலங்கையில் 2008ஆம் ஆண்டு தொடங்கி அக்களைகொல்லி படிப்படியாக விலக்கப்பட்டது.

மாற்றியூற்றுபவர் அதே வேளையிற் றாமே பயன்படுத்தி முடிப்பதாயின் சிறு கலத்துக்குச் சீட்டு வேண்டாமென்று அமெரிக்க விதி விலக்களிக்கின்றது. ஏட்டளவில் நியாயமான விலக்கே. ஆனால் ஊற்றியவர் தேநீர் அருந்த எழுந்து போகும் பத்து நிமிடத்தை அவ்விதி எண்ணியதாகத் தோன்றவில்லை. எமது நாட்டு வேலைத்தலங்களில் அவ்விலக்கைப் பின்பற்றாதிருத்தலே நலம் என்பது எமது கருத்து.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பீடைகொல்லிகளைக் கட்டுப்படுத்தும் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் உளது. பூச்சிகொல்லிக் கலங்களில் மும்மொழியிலுங் குறிப்புகள் இருத்தலைக் காண்கின்றோம். ஆனால் தொழிற்சாலைக்கும் ஆய்வுகூடத்துக்கும் வரும் இரசாயனங்களின் சீட்டுகளோ பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. இவற்றைத் தமிழிற் கூற இயலாதென்பார்க்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மருத்துவ நூல்களோடு 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூலையும் தமிழில் வெளிவரச் செய்தமையை நினைவூட்டலாம். தீங்கு வாக்கியங்கள் எண்ணிக்கையில் வரையறைப்பட்டவை, இலக்கமிடப்பட்டவை. ஒரு வேலைத்தலத்திற் பயன்படுவன இருபதோ முப்பதோதான். அவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிச் சுவரில் தொங்கவிடுதல் இரசாயன ஆசிரியர் ஒருவர்க்கு ஒரு விடுமுறைநாள் வேலையே.

மாற்றியூற்றிய போத்தலில் எழுதவேண்டியவை அதிகமில்லை: பொருளின் முழுப்பெயர், செறிவு, அறிவிப்புச் சொல், உரிய சித்திரக்குறி, ஊற்றிய திகதி, ஊற்றியவர் பெயர். பேனாவின் மை அமிலத்தாலும் கரைப்பான்களாலும் அழியும். பென்சிலின் காரீயம் அழியாது. ஆதலிற் பென்சிலால் எழுதி ஒட்டி, அதன்மேல் உருக்கிய மெழுகை மெல்லிதாகத் தடவிவிடுதல் பழைய ஆய்வுகூடங்களின் வழக்கம். பழைய சீட்டின் மேற் புதிய சீட்டை ஒட்டாது, பழையதை நனைத்து உரித்தபின் ஒட்டுக. ஊற்றும்போது சீட்டு உள்ளங்கையை நோக்கியிருக்குமாறு போத்தலைப் பிடிக்க வேண்டும். வழியும் துளி அப்போது மறுபக்கமாக ஓடும், எழுத்தின் மேற் படாது.